விண்டோ தலைப்பை வைத்துச் சம்பளம் பிடிக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் கணினியைக் கண்காணிக்கும் மென்பொருள்கள் பற்றிப் பேச்சு வந்தாலே ‘தனியுரிமை போகிறது’ என்கிறார்கள். போகிறதுதான். ஆனால் அந்த மென்பொருள் கொடுக்கிற கணக்கு சரியா என்று கேட்பவர்களைக் காணோம். விண்டோஸுக்கு புரோகிராம் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் மனைவி ஒரு மெடிக்கல் பில்லிங் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். போன மாதம் அவருக்கு ஒரு மெயில்: வேலை நேரத்தில் 1 மணி 50 நிமிடம் யூடியூப் பார்த்திருக்கிறீர்கள், அரை நாள் சம்பளம் பிடிக்கப்படும். அன்று அவர் யூடியூபில் திறந்தது நிறுவனமே அனுப்பிய சின்னப் பயிற்சி வீடியோ. அது முடிந்ததும் அதே குரோம் விண்டோவில் பக்கத்து டேபுக்குப் போய், மதியச் சாப்பாடு வரை காப்பீட்டு கிளெய்ம் போட்டுக்கொண்டிருந்தார். பில்லிங் வேலை முழுக்க பிரவுசரில்தான்.

எங்கே கோளாறு என்று எனக்கு ஓரளவு பிடிபட்டது. எந்த புரோகிராமும் விண்டோஸிடம், ‘முன்னால் இருக்கிற விண்டோ மாறினால் எனக்குச் சொல்லு’ என்று கேட்டு வைக்கலாம். செட்வின்ஈவென்ட்ஹுக் என்று அந்த வசதிக்குப் பெயர். அட்மின் பாஸ்வேர்டு வேண்டாம். கணினியில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் கிடையாது. வேர்டிலிருந்து எக்செலுக்குத் தாவினால் உடனே தகவல் போகும். புரோகிராம் புது விண்டோவின் தலைப்பை, அதாவது அதில் திறந்திருக்கிற பக்கம் அல்லது கோப்பின் பெயரை, படித்து நேரத்தோடு எழுதிக்கொள்ளும். சரி, குரோமுக்குள் டேப் மாற்றினால்? விண்டோ அதேதான், தலைப்பு மட்டும் மாறுகிறது. அதற்கு, ‘பெயர் மாறினாலும் சொல்லு’ என்று தனியாகக் கேட்டிருக்க வேண்டும். எழுதியவர் அதை விட்டுவிட்டால், முதலில் படித்த தலைப்பின் பேரிலேயே நேரம் ஏறிக்கொண்டிருக்கும், இறங்கிய பிறகும் மீட்டரை நிறுத்தாத ஆட்டோ மாதிரி.

சந்தேகம் தீர, வீட்டுக் கணினியில் நாற்பது வரி எழுதி ஓட்டிப் பார்த்தேன். பதிவில் ஒரு வரி ‘10.14 குரோம், யூடியூப்’. அடுத்த வரி ‘10.41 நோட்பேட்’. நடுவில் நான் வேறு டேபில் படித்துக்கொண்டிருந்த ரயில்வே கால அட்டவணைக்கும் வங்கிப் பக்கத்துக்கும் அதில் இடமே இல்லை. 27 நிமிடமும் யூடியூப் கணக்கில்.

நொடிக்கொரு தரம் தலைப்பைப் போய்ப் பார்க்கிற முறையும் உண்டு. அது டேபைப் பிடித்துவிடும். ஆனால் மவுஸும் கீபோர்டும் அசையவில்லை என்றால் ஆள் சும்மா இருந்தார் என்று எழுதுவதைத்தான் பெரும்பாலும் இதோடு சேர்த்து வைக்கிறார்கள். காகிதத்தில் கணக்குப் போட்டாலும் போனில் வாடிக்கையாளரிடம் பேசினாலும் சும்மாதான். பிரான்சில் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனம் இப்படி மூன்று முதல் 15 நிமிட அசைவின்மையைக்கூடக் கணக்கெடுத்தது. திரையையும் படம் பிடித்தது. அந்நாட்டுத் தனியுரிமை ஆணையம் 2024 டிசம்பரில் 40,000 யூரோ அபராதம் போட்டது.

தலைப்பில் வருவது வேலை மட்டுமா? திறந்திருக்கிற மெயிலின் சப்ஜெக்ட், கோப்பின் பெயர் எல்லாம் வரும். ‘ராஜினாமா கடிதம்’ என்று ஒரு கோப்பைச் சேமித்தால், நீங்கள் கொடுப்பதற்கு முன்பே மேலாளருக்குத் தெரிந்துவிடும். மேக் கணினியில் 2019-ல் வந்த கேட்டலினா என்ற இயங்குதளப் பதிப்பு முதல், வேறொரு புரோகிராமின் விண்டோ தலைப்பைப் படிக்க, திரையைப் பதிவு செய்யும் அனுமதியை வாங்க வேண்டும். விண்டோஸில் அப்படி ஒரு தடையே இல்லை.

மூலப் பதிவைக் காட்டுங்கள் என்று என் மனைவி கேட்டதற்கு, ‘அது உள் ஆவணம்’ என்று பதில் வந்தது. சட்டமும் அவர்களுக்குத்தான் வசதியாக இருக்கிறது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 7-ஆம் பிரிவில், வேலை தொடர்பான காரணங்களுக்கு ஊழியரின் சம்மதம் தேவையில்லை என்கிறது. தன் தரவைக் கேட்டு வாங்கும் உரிமையையோ சம்மதம் கொடுத்தவர்களுக்குத்தான் தருகிறது. சம்மதமே கேட்காதபோது எங்கே போய் நிற்பது! ஒரே பிடி 8-ஆம் பிரிவு: ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குத் தரவைப் பயன்படுத்தினால் அது முழுமையாகவும் சரியாகவும் இருக்க வேண்டும். டேப் மாறியதைப் பார்க்காத பதிவு எந்தக் கணக்கில் முழுமை?

சம்பளத்தில் கை வைக்கிற நிறுவனம், நிமிடவாரிப் பதிவை முதலில் அந்த ஊழியரிடம் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும். புரோகிராமின் பெயரை மட்டும் எழுதலாம், தலைப்பை எழுதக் கூடாது. தொழிலாளர் துறை இதை ஓர் உத்தரவாகப் போட வேண்டும். தலைப்பை எழுதாமல் விட, புரோகிராமில் ஒரு வரியை நீக்கினால் போதும்.

இப்படிக்கு,
மென்பொருள் எழுதும் வாசகர், கோவை