சாட்சிக் கையெழுத்து

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நீ அனுப்பிய உறுப்பு தானப் படிவம் வந்தது. சாட்சி இடத்தில் கையெழுத்து போட்டுவிட்டேன். இரண்டு சாட்சிகளில் ஒருவர் நெருங்கிய சொந்தமாக இருக்க வேண்டுமாமே, நல்லதுதான். வீட்டுக்குத் தெரியாமல் யாரும் இந்தப் படிவத்தைக் கொடுத்துவிட முடியாது.

கூடவே வைத்த சீட்டில் ‘ஹிதேந்திரன் மாதிரி’ என்று எழுதியிருந்தாய். 2008 செப்டம்பரில் பேப்பரில் வந்த அவன் படத்தை நீ வெட்டி நோட்டில் ஒட்டியது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. திருக்கழுக்குன்றத்துப் பையன், 15 வயது. பைக்கில் போய் அடிபட்டான். (அந்த வயதில் பைக் ஓட்ட லைசென்ஸ் கிடையாது. அவனைப் பாராட்டுகிறவர்கள் இதையும் ஒரு வார்த்தை சொல்லலாம்.) மூளைச்சாவு என்று ஆனதும், அவன் இதயத்தைச் சென்னை தேனாம்பேட்டை ஆஸ்பத்திரியிலிருந்து முகப்பேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பெங்களூரைச் சேர்ந்த 9 வயதுச் சிறுமிக்கு வைத்தார்கள். வழிநெடுக மற்ற வண்டிகளைப் போலீஸ் நிறுத்தி வைக்க, 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பக்கம் பஸ் ஓட்டியவன் நான். காலை நேரத்தில் 11 நிமிடத்தில் ஜெமினி பாலத்தைத் தாண்டினாலே பெரிய விஷயம். எடுத்த இதயத்தை நாலு மணி நேரத்துக்குள் வைத்தாக வேண்டும். சிறுநீரகம் ஒரு நாள்கூடத் தாங்கும், இதயம் தாங்காது.

ஊரே அந்த 11 நிமிடத்தைப் பேசியது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்கு முந்தைய நேரம். 15 வயதுப் பிள்ளைக்காக முடிவெடுக்க வேண்டியவர்கள் பெற்றோர்தானே. அசோகன், புஷ்பாஞ்சலி இரண்டு பேரும் டாக்டர்கள். எதிரே கிடக்கும் பிள்ளையின் உடம்பு சூடாக இருக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், மானிட்டரில் இதயத் துடிப்பு ஓடும். மூச்சு விடுவது மெஷின்தான், மூளை இனித் திரும்பாது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. புரிவது வேறு, சரி என்று வாயால் சொல்வது வேறு. அதைச் சொன்னார்கள் பார்.

அரசு ஆணையெல்லாம் அதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்தது. ஆனால் ஜனங்களை அசைத்தது அந்தப் பையன்தான். அடுத்த மாதமே மாநிலத்தின் உறுப்பு தானத் திட்டம் தொடங்கியது. 2023-ல் இருந்து தானம் கொடுத்தவரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதையும் உண்டு.

நானும் அம்மாவும் டாக்டர் இல்லை. அதனால்தான் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொண்டேன். நாலு டாக்டர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதிக்க வேண்டும். உறுப்பை மாற்றி வைக்கும் குழுவில் இருக்கிறவர் அந்த நாலு பேரில் இருக்கக்கூடாது. மெஷினைக் கொஞ்ச நேரம் விலக்கி, தானாக மூச்சு வருகிறதா என்றும் பார்ப்பார்கள். இதையெல்லாம் கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன். நீ உறுப்பு தானக் கார்டு வைத்திருந்தாலும், நடைமுறையில் கடைசியில் குடும்பத்தைத்தான் கேட்பார்கள். அப்படி ஒரு நாள் வரவே வேண்டாம், வந்தால் நான் தடுமாற மாட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும். மாப்பிள்ளையிடமும் பேசி வை. அவர் என்ன நினைக்கிறார் என்று நீ எழுதவே இல்லையே.

அப்புறம், இந்தக் கவரில் என் படிவமும் இருக்கிறது. 64 வயதுக்காரனிடம் எடுக்க என்ன இருக்கிறது என்று உன் சித்தப்பா சிரித்தார். வயதைப் பார்த்துத் தள்ளுவதில்லை, அந்த நேரத்தில் உறுப்பு எப்படி இருக்கிறது என்றுதான் டாக்டர்கள் பார்ப்பார்கள் என்றேன். சாட்சியாக நீ கையெழுத்து போட்டு அனுப்பு.

அம்மா இன்னும் போடவில்லை. மற்றதெல்லாம் சரியாம், கண்ணை மட்டும் கொடுக்க மாட்டாளாம், மேலே போய் எப்படிப் பார்ப்பது என்கிறாள். கருவிழியைத்தான் எடுப்பார்கள், முகம் மாறாது, வீட்டில் இறந்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். என் பேச்சு எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நீயே பேசு.

அன்புடன்,
அப்பா