எடுப்பதற்கு முன் கொடுங்கள்: என் டெஸ்க்டாப்பை உருவாக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. நாலு வரி படித்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும். உங்கள் லினக்ஸ் டெஸ்க்டாப்பில் வேலை பார்க்கிறவர்களுக்கு அதற்கும் முன்னாலேயே தெரிந்துவிடும்.

திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11 அமர்வை ஏன் எடுத்தீர்கள், அதன் இடத்துக்கு வந்த வேலாண்ட் ஏன் தேவை என்ற கதையை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம், நானும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. எக்ஸ்11 வந்தது 1987-இல். அதில் ஏதோ ஒரு நிரல் நினைத்தால் மற்ற எல்லா நிரல்களிலும் நான் தட்டுவதை ஒட்டுக்கேட்க முடியும். மாற்ற வேண்டியதுதான், மறுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஒன்றை எடுப்பதற்கு முன், அந்த இடத்தில் வேலை செய்கிற இன்னொன்றைக் கொடுங்கள்.

நான் நாள் முழுக்க மெய்ப்புத் திருத்துகிறவன். மூலப்பிரதி இடப்பக்கம், திருத்தும் பிரதி வலப்பக்கம், கீழே அகராதி, அதற்குப் பக்கத்தில் குறிப்புகள், ஓரமாக டெர்மினல் என்று ஐந்து சாளரங்கள் எப்போதும் திறந்திருக்கும். வலது மணிக்கட்டில் பல வருட வலி. தட்டச்சு செய்யும்போது அவ்வளவாகத் தெரியாது, மவுஸைப் பிடித்து எதையாவது இழுத்தால்தான் உயிர் போகும். அதனால் சாளரங்களைக் கட்டளையால் நகர்த்தும் எக்ஸ்டூடூல் என்ற கருவியை வைத்துப் பதினொரு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, சூப்பர்-டபிள்யூ (விண்டோஸ் விசையும் டபிள்யூவும்) விசைகளுக்குக் கொடுத்து வைத்திருந்தேன். காலையில் வந்து உட்கார்ந்து அதைத் தட்டினால் ஐந்து சாளரங்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி அவரவர் இடத்தில் போய் நிற்கும். வருடக்கணக்காக அப்படித்தான்.

புதிய பதிப்புக்கு மாறிய மறுநாள் காலை சூப்பர்-டபிள்யூ தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினேன். டெர்மினலில் ஸ்கிரிப்டை நேரடியாக ஓட்டிப் பார்த்தேன், பிழைச் செய்தி கூட இல்லாமல் சமர்த்தாக முடிந்துவிட்டது. சரி, திறந்திருக்கும் சாளரங்களின் பட்டியலைக் கேட்போம் என்று கேட்டால், திரையில் ஐந்து இருக்க, பட்டியலில் ஒன்றுதான் வந்தது. அகராதி. அது ஒன்றுதான் பழைய நிரல், எக்ஸ்11 நிரல்களை வேலாண்டில் ஓட வைக்கும் எக்ஸ்வேலாண்ட் வழியாக ஓடுகிறது, மற்ற நாலும் எக்ஸ்டூடூலின் கண்ணுக்கே தெரியவில்லை. மேலே கிடந்த சாளரங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தால், அந்த அகராதி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டு அதன் மூலையில் போய் உட்கார்ந்திருந்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பழைய அமர்வுக்குப் போய்விடலாம் என்று வெளியேறி, உள்நுழையும் திரையின் மூலையில் அந்தப் பல்சக்கரத்தைத் தேடினேன். அதைச் சொடுக்கினால் பழைய எக்ஸ்11 அமர்வுக்கு எக்ஸார்க் என்று ஒரு வரி இருக்கும். இப்போது அந்த வரி இல்லை என்பது மட்டுமில்லை, தேர்ந்தெடுக்க வேறு எதுவுமே இல்லாததால் பல்சக்கரத்தையே காணோம்!

உங்கள் தளத்தில் வழுப் பதிவு (பிழைப் புகார்) செய்தேன். மரியாதையாகத்தான் எழுதினேன், மணிக்கட்டு விஷயத்தையும் சொன்னேன். வடிவமைப்பே அப்படித்தான் என்று பதில் எழுதி, அன்றைக்கே மூடிவிட்டீர்கள். மாற்றாக ஒய்டூடூல் என்ற கருவியைப் பாருங்கள் என்றார் உங்களில் ஒருவர். பார்த்தேன். அது இயங்குதளத்தின் கருவான கெர்னலில் உள்ள யூஇன்புட் என்ற சாதனம் வழியாகப் போலியாக விசைகளைத் தட்டும், அதற்கு ரூட் (முழு நிர்வாகி) அனுமதியோ அந்தச் சாதனத்தைத் தனியாகத் திறந்துவிடுவதோ வேண்டும். அதாவது, பாதுகாப்புக்காக முன்வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, வேலை ஆக வேண்டுமானால் கொல்லைப்புறக் கதவைத் திறந்து போட்டுக்கொள் என்கிறீர்கள். அப்படித் திறந்தாலும் சாளரத்தைத் தேடிப் பிடித்து நகர்த்த அதற்குத் தெரியாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இன்னொருவர் நீட்சி, அதாவது டெஸ்க்டாப்போடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல், எழுதிக்கொள்ளச் சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு விடுகிறீர்கள், ஒவ்வொரு பதிப்பிலும் பாதி நீட்சிகள் படுத்துவிடுகின்றன. அதிலும் சிலவற்றுக்கு, அவற்றின் விவரம் இருக்கும் மெட்டாடேட்டா கோப்பைத் திறந்து பதிப்பு எண்ணில் ஒன்றைக் கூட்டிச் சேமித்தால் எதுவும் நடக்காதது மாதிரி ஓடுகின்றன. அப்புறம் எதற்கு அந்தத் தடை?

எழுத ஆரம்பித்தால் எல்லாம் வருகிறது. சாளரத்தைச் சுருக்கும் பொத்தான் போனது, அறிவிப்புத் தட்டில் இருந்த நிரல்களின் சின்னங்கள் போயின, மெனுக்கள் எல்லாம் மூன்று கோட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டன. ஒவ்வொரு முறையும் எளிமை என்றீர்கள். அடுத்த பதிப்பில் பயனரையும் எடுத்துவிட்டால் இன்னும் எளிமையாக இருக்கும், வழுப் பதிவும் வராது. இது புதுக்கதையும் இல்லை. 2008 ஜனவரியில் கேடிஇ 4.0 டெஸ்க்டாப் வந்தபோதும் இப்படித்தான், 2011 ஏப்ரலில் க்னோம் 3 டெஸ்க்டாப் வந்தபோதும் இப்படித்தான். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அப்போது எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறு டெஸ்க்டாப் பக்கம் போனார். பழையதை விட மனமில்லாதவர்கள் பழைய கேடிஇ, க்னோம் நிரல்களை எடுத்து முறையே டிரினிட்டி என்றும் மாட்டே என்றும் தனியாக வளர்த்தார்கள். எனக்கு அந்த அளவுக்கு நிரல் எழுத வராது, பதினொரு வரிதான் வரும்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். உங்களில் பலர் சம்பளம் இல்லாமல் இரவில் கண்விழித்து இதைச் செய்கிறீர்கள் என்பதும், இத்தனை வருடம் என் பிழைப்பு அதன் மேல்தான் ஓடியது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இந்த மாட்டை எனக்குப் பழக்கிக் கொடுத்ததும் நீங்கள்தான்.

பழைய அமர்வை என்றென்றைக்கும் வைத்திருங்கள் என்று கேட்கவில்லை. பயனர் அனுமதி கொடுத்தால், ஒரு ஸ்கிரிப்ட் சாளரத்தைத் தேடிப் பிடித்து இடம் மாற்றும்படி நிலையான வழி ஒன்றை உங்கள் டெஸ்க்டாப்பிலேயே கொடுங்கள். வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் அனுமதி கேளுங்கள், எண்டர் தட்டுவதில் எனக்கு வலி இல்லை. அது வரும்வரையாவது எடுத்ததைத் திருப்பி வையுங்கள். இனி எதை எடுத்தாலும், தயவுசெய்து, கொடுத்துவிட்டு எடுங்கள்.

இப்படிக்கு,
தினமும் காலையில் நாலு சாளரங்களைக் கையால் இழுத்து வைக்கும் ஒரு பழைய பயனர்

பி.கு.: அந்த வழுப் பதிவைத் திரும்பத் திறந்தீர்களென்றால் பதினொரு வரியையும் அதிலேயே இணைத்துவிடுகிறேன். சோதித்துப் பார்க்க உதவும்.