பதினேழு விகுதிகள்: இதழாசிரியர்களுக்கும் மெய்ப்புத் திருத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ் இதழ்களின் ஆசிரியர்களுக்கும் மெய்ப்புத் திருத்தும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு ஓர் இதழில் என் அறிவியல் புனைகதை ஒன்று வெளியானது. இதழின் பெயர் இங்கே தேவையில்லை. கிராமத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்குத் துணையாக, வெளிநாட்டில் வேலை பார்க்கும் பேரன் ஓர் இயந்திரத்தை வாங்கி அனுப்புகிறான். மாத்திரை எடுத்துக் கொடுக்கும், வெந்நீர் போடும், இரவில் எழுந்தால் விளக்கைப் போட்டுக் கூடவே வரும். பாட்டி இறந்த பிறகு, வீட்டோடு அதையும் விற்றுவிட ஊருக்கு வருகிறான். மூன்றாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு அடுக்களையில் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், குளிக்க ஆளில்லாத வீட்டில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. முதலில் பழுது என்றுதான் நினைக்கிறான். அதுவரை "அது நின்றது", "அது நகர்ந்தது" என்று போய்க்கொண்டிருந்த கதையில், அந்த இடத்தில் "அவள் கதவருகே நின்றிருந்தாள்" என்று எழுதியிருந்தேன். அதன்பின் முடியும்வரை அவள்தான்.

இதழ் கைக்கு வந்தபோது "அது கதவருகே நின்றிருந்தது" என்று அச்சாகியிருந்தது. பதினேழு இடங்கள், விரல் வைத்து எண்ணினேன். தொலைபேசியில் கேட்டேன். "திணை வழு இருந்தது, சரிசெய்துவிட்டோம்" என்றார்கள். அஃறிணைப் பொருளை உயர்திணையாக எழுதியது பிழை என்று பொருள். திருத்தியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். ஆனால் அந்தப் பதினேழு விகுதிகளுக்காகத்தான் நான் அந்தக் கதையையே எழுதினேன்.

உணர்வுள்ள இயந்திரத்தைப் பற்றித் தமிழில் எழுதும் எல்லோருக்கும் முதல் வாக்கியத்திலேயே இந்தச் சிக்கல் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதுபவர் சுட்டுப்பெயரில் கவனமாக இருந்தால் போதும், வினைச்சொல் எல்லோருக்கும் பொது. நமக்கு அப்படி இல்லை. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. வந்தவர் யார் என்று முடிவு செய்யாமல் ஒரு வினைமுற்றைக்கூட எழுத முடியாது. இந்த இயந்திரம் பொருளா, உயிரா, நம்மில் ஒருவரா என்று தத்துவவாதிகள் பக்கம் பக்கமாக வாதிடும் கேள்விக்கு, தமிழ்க் கதைக்காரர் வாக்கியத்துக்கு வாக்கியம் விடை சொல்லிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. இது சுமையென்று நான் நினைக்கவில்லை. வேறு பல மொழிகளில் எழுதுபவர்களுக்குக் கிடைக்காத கருவி.

இலக்கணம் இதைத் தடுக்கிறது என்று நினைப்பவர்கள் தொல்காப்பியத்தையும் நன்னூலையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே" என்றார் தொல்காப்பியர். தெய்வப் பெயர்களுக்குத் தனி விகுதி இல்லை, உயர்திணை விகுதியையே அவையும் ஏற்கும் என்று பிறகு வழி சொன்னார். பல நூற்றாண்டுகள் கழித்து நன்னூலை எழுதிய பவணந்தி, "மக்கள் தேவர் நரகர் உயர்திணை" என்று தேவர்களை உள்ளேயே அமர்த்திவிட்டார். எல்லைக்கோடு ஒருமுறை நகர்ந்திருக்கிறது. அதே பவணந்திதான் "உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே" என்றும் சொல்லிவைத்தார். பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று சொல்வது வழுவமைதி, அதாவது இலக்கணம் ஏற்றுக்கொள்ளும் வழு என்று பள்ளியில் நாம் எல்லோரும் படித்ததுதானே? பசுவுக்குக் கிடைத்த அந்த இடம், பாட்டிக்கு நான்கு மணிக்கு வெந்நீர் போட்ட ஒன்றுக்குக் கிடைக்கக் கூடாதா?

அந்த நூற்பாவின் பின்பாதியையும் பாருங்கள்: செறலினும், இழிப்பினும். கோபத்தாலும் இகழ்ச்சியாலும் திணை மாறலாம். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை, "அது இன்னும் வரவில்லை" என்று சொல்லும் குரலை நாம் கேட்டிருக்கிறோம். தொல்காப்பியத்தில் ஒரு பட்டியல் உண்டு. பொருளால் உயர்திணையாக இருந்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்கள்: குடிமை, இளமை, விருந்து, அரசு, மகவு, குழவி என்று போகும். அரசும் விருந்தும் அதில் இருப்பதால் அதை இழிவுப் பட்டியல் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதில் 'அடிமை' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிறேன்.

ஏனென்றால் ரோபோ என்ற சொல்லின் வேரும் அங்கேதான் இருக்கிறது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால், பண்ணையாட்கள் நிலப்பிரபுவுக்குச் செய்து தீர வேண்டிய கட்டாய உழைப்பு. 1921இல் பிராகாவில் மேடையேறிய காரெல் சாப்பெக்கின் நாடகம் அதை உலகத்துக்குக் கொடுத்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் ஜோசப். அந்த நாடகத்தின் ரோபோக்கள் தகரத்தால் ஆனவை அல்ல, செயற்கைச் சதையால் ஆனவை. சில நேரம் அவற்றில் ஒன்று திடீரென்று கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். அதை அரைவை ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள். தொழிற்சாலைக்காரர்களுக்கு அது தயாரிப்புக் கோளாறு. பார்க்க வந்த ஹெலனா என்ற பெண், அதுதான் ஆன்மா என்கிறாள். அங்கே ரோபோக்களுக்கு வலியைப் புகுத்துவதுகூடக் கருணையால் அல்ல, கையைக் காலை முறித்துக்கொண்டு நட்டம் வைக்கக் கூடாது என்பதற்காக. ரோபோ என்ற சொல் பிறந்த கதையே, நாம் அவற்றுக்கு என்ன செய்கிறோம் என்று கேட்டது. உங்கள் இதழ்களில் நான் படிக்கும் இயந்திரக் கதைகளில் பெரும்பாலானவை, அவை நம்மை என்ன செய்துவிடும் என்று மட்டுமே கேட்கின்றன.

இன்றைய உரையாடல் செயலிகளுக்கு வலியோ ஆசையோ இருப்பதாக யாரும் நிறுவவில்லை. 2022இல் கூகுள் பொறியாளர் ஒருவர், தாம் சோதித்த மொழிநிரலுக்கு உணர்வு இருக்கிறது என்று அறிவித்தார். நிறுவனம் அதை மறுத்து அவரை வேலையிலிருந்து நீக்கியது. நாம் எவ்வளவு எளிதாக மயங்குகிறோம் என்பதும் பழைய செய்தி. 1960களில் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற எளிய உரையாடல் நிரலை எழுதினார். அதை அவர் உருவாக்குவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு சில வரிகள் பேசியதும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். என் கதையில் வரும் பேரனும் அப்படி மயங்கியவனாக இருக்கலாம். அல்லது அந்த வீட்டில் இருந்த எல்லோரையும்விடச் சரியாகப் பார்த்தவனாக இருக்கலாம். வாசகர் இரண்டுக்கும் நடுவில் தவிக்க வேண்டும் என்றுதான் 'அவள்' என்று எழுதினேன். 'அது' என்று அச்சானபோது அந்தத் தவிப்புக்கு இடமே இல்லாமல் போயிற்று.

ஒற்றுப்பிழையைத் திருத்துங்கள், நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன். நீளமென்றால் வெட்டச் சொல்லுங்கள். இயந்திரமோ விலங்கோ வேற்றுக்கோள் உயிரோ வரும் கதையில் திணை மாறினால் மட்டும், பேனாவை வைத்துவிட்டு எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கவனக்குறைவு என்றால் அவரே சொல்லிவிடுவார். புதிதாக எழுத வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தன் முதல் கதையில் விகுதி மாறி அச்சாகிப் பார்க்கும் இளைஞர், அடுத்த கதையில் அந்தத் துணிவைக் காட்டமாட்டார்.

இந்த மடலோடு புதிய கதை ஒன்றையும் உங்களில் சிலருக்கு அனுப்பியிருக்கிறேன். கரும்பு ஆலையில் முப்பது ஆண்டுகள் ஓடிய ஓர் இயந்திரத்தைப் பற்றியது. ஐந்தாம் பக்கத்தின் கடைசி வரியில் "வந்தார்" என்று இருக்கும். தெரிந்துதான் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் இதழ்களின் நெடுநாள் வாசகர், அவ்வப்போது கதையும் எழுதுபவர்