ஜெல்லுக்குப் பஞ்சாங்கம் தெரியாது

தம்பிக்கு,

போனில் பேசினால் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமையோடு மருமகளுக்கு 41 வாரம் முடிகிறது. அதற்குள் வலி வராவிட்டால் அட்மிட் ஆகச் சொல்லியிருக்கிறார்கள். மன்னார்குடியில் சம்பந்தி அம்மா கூடவே இருக்கிறார்கள். நானும் ஒரத்தநாட்டிலிருந்து காலை பஸ்ஸுக்கே போய்விடுவேன். "எதற்குக் காத்திருக்கணும், ஆபரேஷனே செய்யச் சொல்லலாமே" என்றாயே, அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே. லேபர் வார்டிலேயே காலம் தள்ளியவள் சொல்கிறேன்.

முதலில் உள்ளே கை வைத்துப் பார்ப்பார்கள். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, கெட்டியா மெத்தென்று இருக்கிறதா, எந்தப் பக்கம் பார்க்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து மார்க் போடுவார்கள். பிஷப் ஸ்கோர் என்பது அதுதான். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் வாய் இன்னும் பக்குவப்படவில்லை. அந்த நிலையில் நேரே டிரிப்ஸில் வலி வரவைக்கும் மருந்தான ஆக்ஸிடோசினை ஏற்றினால் வலிதான் மிச்சம், வாய் சுலபத்தில் திறக்காது. அதற்குத்தான் ஜெல். டினோப்ரோஸ்டோன், 0.5 மில்லிகிராம், ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் சின்ன சிரிஞ்ச். ஹார்மோன் மாதிரி வேலை செய்யும் புராஸ்டாகிளாண்டின் அது. பிரசவ நேரத்தில் உடம்பே சுரப்பதுதான். வாயின் நார்களைத் தளர்த்திவிடும். சில இடங்களில் மிசோப்ரோஸ்டால் மாத்திரை, 25 மைக்ரோகிராம். வயிற்றுப்புண்ணுக்கென்று வந்த மாத்திரை இங்கே வந்து சேர்ந்துவிட்டது! முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு அது ஆகாது, பழைய தையல் விட்டுவிடும் ஆபத்து உண்டு. நம் பெண்ணுக்குத் தலைப்பிரசவம், அந்தக் கவலை இல்லை.

ஜெல் வைத்ததும் கொஞ்ச நேரம் படுத்தே இருக்க வேண்டும். 6 மணி நேரம் கழித்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் இன்னொன்று. ஒரு நாளைக்கு 3-க்கு மேல் வைப்பதில்லை. டிரிப்ஸும் கடைசி ஜெல்லுக்கு 6 மணி நேரமாவது கழித்துத்தான். ஆக, காலையில் வைத்தால் சாயங்காலம் பிள்ளை என்று கணக்குப் போடாதே, மறுநாளும் ஆகலாம். உன் மாமனார் நட்சத்திரம் குறித்து வைத்திருக்கிறார். ஜெல்லுக்குப் பஞ்சாங்கம் தெரியாது என்று நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. 10 நிமிஷத்துக்குள் 5 தடவைக்கு மேல் வலி வந்தால் குழந்தைக்கு மூச்சு முட்டலாம். அதற்குத்தான் வயிற்றில் பெல்ட் கட்டி இதயத்துடிப்பைப் பார்ப்பது. வலி வர விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்கலாம் என்று இங்கே ஒரு பேச்சு வந்தது, நான் அதட்டிவிட்டேன். துடிப்பு இறங்கினாலோ, எவ்வளவு பார்த்தும் வாய் திறக்காவிட்டாலோ ஆபரேஷன்தான். அதை டாக்டர் சொல்லட்டும்.

லீவைப் பிறந்த பிறகு போட்டுக்கொள். அப்புறம், மணிக்கொரு தரம் அவளைக் கூப்பிட்டு "வலி வந்துடுச்சா" என்று கேட்காதே. என்னைக் கூப்பிடு.

அம்மா