இலங்கையில நம்மட ஊர் கதிரவெளிக்குப் போன மகனுக்கு

மகன், சாப்பிட்டியா. மூணு கிழமையா போன் எடுக்கிறாயில்ல, மெசேஜ் போட்டா நீல டிக் மட்டும் விழுது. வேலை கூடவா இருக்கும் எண்டு அப்பாக்கிட்ட சொல்லி வச்சிருக்கன். அவருக்கு முழங்கால் நோவு, சாரத்துல ஏறி பெயிண்ட் அடிக்க ஏலாது. இங்க கன்னியாகுமரிப் பக்கம் பழவிளையில நல்ல மழை, வீட்டுக்குள்ள ரெண்டு இடத்துல வாளி வச்சிருக்கு. அகதி முகாமுக்கு மறுவாழ்வு முகாம் எண்டு பேர மாத்தியும் ஓடு அதே ஓடுதான்.

ஆத்துல குளிக்காத. முதலை இருக்கு எண்டு சின்னதுலயே சொல்லியிருக்கன். வெருகல் பாலத்துல நிண்டு நீ எடுத்த போட்டோவ முகாம்ல நம்மட லைன் வீடு முழுக்க காட்டினன். எங்கட காலத்துல பாலம் இல்ல, கோயில் திருவிழாக்கு ஆத்த பாதையிலதான் கடப்பம், ஆக்கள ஏத்துற மிதவையத்தான் நாங்க பாதை எண்டுறது, பாதையில ஏறினம் எண்டு இங்க சொன்னா ரோட்டுல ஏறினீங்களா எண்டு சிரிக்கிறாங்க. இந்த லைன்ல டிகிரி முடிச்ச முதல் பிள்ளை நீதான், அந்தப் பெருமை எனக்கு இருக்கு. ஆனா படிச்ச பிள்ளைக்கு பெத்தவளோட ரெண்டு வார்த்தை கதைக்க நேரம் இல்லையாக்கும்.

காணி பெர்மிட் அலுவல் என்னாச்சு. பழசு சுனாமியோட போயிட்டு எண்டு கிராம சேவகர்கிட்ட சொல்லு, கோபப்படாம சொல்லு. வடக்கு வேலி பெரியம்மா சாட்சி சொல்லுவா. அவட வீட்டுல சாப்பிடுறாயா. எதையும் துருவித் துருவிக் கேக்காத, வயசு போன மனுசி. ஆத்துல குளிக்காத மக்கா (இங்கத்தய ஆக்கள் மாதிரி எனக்கும் இப்ப மக்கா எண்டுதான் வாயில வருது).

போன மாசம் நீ கேட்டாயே, பெரிய வெள்ளி அண்டு இரவு நம்மட வீட்டுக்கு ஆரும் வந்தாங்களா எண்டு. சிக்னல் இல்ல எண்டு நான்தான் வச்சன். சிக்னல் நல்லாத்தான் இருந்தது.

2004 சித்திரை மாசம். நீ ஆறு வயசு. அப்பா மட்டக்களப்புல வேலையில நிண்டவர். ஆத்துக்கு அங்கால இருந்து வந்ததும் நம்மட பொடியங்கள், இங்கால காவல் நிண்டதும் நம்மட பொடியங்கள், நேத்து வரைக்கும் ஒரே புலி இயக்கம், கருணா பிரிஞ்சதோட ரெண்டாப் போச்சு. விடியப்புறம் வெடி கேக்கத் தொடங்கின உடனே விளக்க அணைச்சிட்டு உன்னயும் தங்கச்சியயும் நெல் மூட்டைக்குப் பின்னால இழுத்து வச்சிருந்தன். அப்பதான் கதவுல கை வச்ச சத்தம். "சித்தி, நான்தான், திறங்க" எண்டான். பெரியம்மாட சின்னவன். பதினேழு வயசு, குரல் தெரியாதா எனக்கு. ஆரு அம்மா எண்டு நீ கேக்க வாயெடுத்தாய், நான் உன்ட வாயப் பொத்தினன். அழுத்திப் பொத்தினன் மகன், உனக்கு அது ஞாபகம் இருக்கும் எண்டு இப்பதான் விளங்குது. மூணு தரம் கூப்பிட்டான். பிறகு கால் சத்தம் ஆத்துப் பக்கம் போச்சு. விடிய வாசல்ல ஒத்தைச் செருப்பு. நான் அத ஆத்துல எறிஞ்சிட்டன்.

திறந்திருந்தா அவனோட சேத்து உங்க ரெண்டு பேரயும் சுட்டுப்போடுவாங்க எண்டு பயம். அது உண்மை. ஆனா பிறகு சொல்லியிருக்கலாம்தானே, அதுக்கு என்ன பயம். 2006 கார்த்திகையில பள்ளிக்கூடத்துல ஷெல் விழுந்த நேரம் உன்னத் தூக்கிட்டு ஓடினது பெரியம்மாதான், நானில்ல. அதுக்குப் பிறகும் நான் வாய் திறக்கல்ல. அவட சோத்தத் திண்டுட்டு, மன்னாரால போட் ஏறி இங்கால வந்திட்டன். அவ இன்னும் காணாமப் போனவங்கட ஆபீசுக்கு பைலத் தூக்கிட்டு அலையிறா எண்டு நீதான் சொன்னாய். எந்தப் பக்கம் போனான் எண்டு தெரிஞ்ச ஒரே ஆள் நான்.

நீ சொல்லிட்டியா அவட்ட. சொல்லாட்டி சொல்லாத, அது உன்ட வேலை இல்ல. நாளைக்கு பின்னேரம் ஆறு மணிக்கு எடுப்பன், அப்பா கடைக்குப் போற நேரம். நீ கதைக்காட்டியும் பரவாயில்ல, போன அவட கையில குடு.