தூக்கம் வருகிறதா என்று கேள்

அஸ்தம்பட்டி, சேலம்

கண்ணு,

நீ அனுப்பிய எலி ஆய்வுக் கட்டுரையை ராத்திரி உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். முப்பது வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் என்றுதானே அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். "இப்போதே மாத்திரை ஆரம்பித்துவிட்டால் மாமாவுக்கு வந்த மனச்சிதைவு நோய் என் பையனுக்கு வராமல் தடுத்துவிடலாம்தானே" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியில் உன் பயம் முழுக்கத் தெரிந்தது. எலிகளை நம்பி மாத்திரை ஆரம்பிக்கச் சொல்லாதே. ஆனால் டாக்டரிடம் இந்த வாரமே கூட்டிப் போ.

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் சினை எலிக்கு 'பாலி ஐ:சி' என்ற ஊசியைப் போட்டார்கள். வைரஸ் தாக்கியதாக நினைத்து உடம்பு எதிர்ப்பு காட்டும். பிறக்கும் குட்டிகள் சின்னதில் நன்றாகவே இருக்கும். வளர்ந்து பெரிதான பிறகுதான் மூளைக்குள் நீர் தேங்கும் அறைகள் பெருத்து, ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சிறுத்துக் காணும்; நடத்தையும் மாறும். மாமாவும் பத்தொன்பது வயதுவரை எப்படி இருந்தான்! விடலைப் பருவத்துக் குட்டிகளுக்கு, பிறந்த 34ஆம் நாளிலிருந்து 47ஆம் நாள்வரை ரிஸ்பெரிடோன் என்ற மனச்சிதைவு மருந்தைக் கொடுத்தபோது அந்த மாற்றங்கள் வரவில்லை. 2011இல் வெளியான ஆய்வு அது. படிக்கும்போது எனக்கும் நெஞ்சு அடைத்துக்கொண்டது.

ஆனால் எந்தக் குட்டிக்கு வரப்போகிறது என்று அவர்களுக்கு முன்பே தெரியும், தாய்க்கு ஊசி போட்டதே அவர்கள்தான். நம் பையன் விஷயத்தில் அப்படி யாருக்குத் தெரியும்? சூரிச்சில் சுண்டெலிகளை வைத்து இதே போன்ற சோதனையைச் செய்து 2010இல் எழுதினார்கள். ஒரு குறையும் இல்லாத குட்டிகளுக்கு அந்த வயதில் இதே வகை மருந்துகளைக் கொடுத்தபோது அவற்றின் நடத்தை கெட்டது. அதையும் சேர்த்துப் படி.

மனிதர்களிடம் செய்த ஆய்வு நீ இருக்கும் மெல்போர்னிலேயே நடந்திருக்கிறது. மனநல மருத்துவர் பாட்ரிக் மெக்கோரியும் அவர் குழுவும் 2002இல் எழுதியது. மனச்சிதைவு போன்ற மனநோய் வரும் அபாயம் அதிகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த 59 பேர். கொஞ்சம் ரிஸ்பெரிடோனும் பேச்சு சிகிச்சையும் பெற்ற 31 பேரில் ஆறு மாதத்தில் 3 பேருக்கு நோய் வந்தது. ஆதரவும் கவனிப்பும் மட்டும் பெற்ற 28 பேரில் 10 பேருக்கு. சிகிச்சை முடிந்து இன்னும் ஆறு மாதம் போனதும் அந்த 3 பேர் 6 பேராகிவிட்டார்கள். எனக்கு மனதில் நிற்பது வேறு கணக்கு. 28 பேரில் 18 பேருக்கு அந்த மாத்திரை இல்லாமலே அந்த ஒரு வருடம் நோய் வரவில்லை. நம் பையன் அந்தப் பதினெட்டில் ஒருவனாக இருந்தால்? ரிஸ்பெரிடோனில் உடம்பு எடை போடும், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ஏறும், ஆண் பிள்ளைகளுக்கு மார்பு பெருப்பதும் உண்டு. பதினாறு வயதுப் பையன் அதையெல்லாம் எப்படித் தாங்குவான்?

அதற்காகப் பேசாமல் இருந்துவிடு என்று சொல்லவில்லை. நாங்கள் செய்த தப்பு அதுதான். மாமாவுக்கு 1987இல் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு ரேடியோ தன்னைப் பற்றியே பேசுகிறது என்றான். கோயில் கோயிலாகப் போனோம், கயிறு கட்டினோம், மந்திரித்தோம். ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்று தாத்தா பெண்கூடப் பார்த்தார். டாக்டரிடம் கூட்டிப்போக இரண்டு வருடம் ஆகிவிட்டது. நோய் வந்த பிறகு மருந்தில்லாமல் எவ்வளவு காலம் போகிறதோ அவ்வளவுக்குத் தேறி வருவது கடினம் என்று பிற்பாடு படித்தபோது, அந்த இரண்டு வருடத்தையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டு அழுதேன். உனக்கு அப்போது ஒரு வயது.

அதனால் டாக்டரிடம் மாமாவைப் பற்றி ஒளிக்காமல் சொல். பையன் கதவைச் சாத்திக்கொள்வதையும் மார்க் குறைந்ததையும் சொல். அவர்கள் அடிக்கடி பார்த்துக் கவனிக்கட்டும். நோய் என்று தெரிந்து அவர்களே மாத்திரை எழுதினால் ஒரு நாளும் தள்ளாதே. நீயாக வற்புறுத்தி வாங்காதே.

மாமா இப்போது ஏற்காட்டில், நாகலூர் தோட்டத்தில் இருக்கிறான். மாதாமாதம் இறங்கி வந்து ஊசி போட்டுக்கொண்டு போகிறான். இந்த வருடம் மிளகு முழுக்க அவனே காயவைத்தான். உன் கடிதத்தை அவனிடம் காட்டலாமா என்று யோசித்து, கடைசியில் படித்தே காட்டிவிட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "அக்கா, எனக்கு முதலில் போனது தூக்கம்தான். யாரும் கேட்கவில்லை. பையனிடம் வேறெதுவும் கேட்க வேண்டாம், ராத்திரி தூக்கம் வருகிறதா என்று மட்டும் கேட்கச் சொல்."

இன்றைக்கே கேட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு.

அம்மா