வளையத்தின் இடைவெளியில் ஒரு கோள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண்புரை அறுவைக்குப் பின் மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். கண் தெளிந்ததும் முதல் வேலையாக நம் பழைய வழக்கைக் கிளப்பியிருக்கிறீர்கள்.

சிலி நாட்டிலுள்ள அல்மா வானொலித் தொலைநோக்கி எடுத்த ஹெச்.எல். டௌரி விண்மீனின் படம் 2014இல் வெளிவந்தபோது, அதைச் சுற்றியுள்ள, கோள்கள் பிறக்கும் தூசும் வாயுவும் கலந்த வட்டில் தெரிந்த கரிய இடைவெளி ஒவ்வொன்றிலும் ஒரு கோள் இருக்கிறது என்று நீங்கள் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். வளரும் கோள் தன் பாதையிலுள்ள தூசைத் துடைத்தெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால், வாயுக்கள் உறைந்து துகள்கள்மீது படியும் எல்லைகளிலும், காந்தப்புலம் வாயுவை ஒதுக்கிச் சேர்க்கும் இடங்களிலும், கோள் எதுவும் இல்லாமலேயே வளையங்கள் உண்டாகக்கூடும். காலியான நாற்காலியைக் கண்டு, எழுந்து போனவர் இன்னார் என்று சொல்ல முடியுமா?

நேரடியாகப் பார்த்துவிட்டதாக எண்ணிய இடத்திலும் சறுக்கல் உண்டு. எல்.கே.சி.ஏ. 15 என்ற இளம் விண்மீனின் அருகே வளரும் கோளைக் கண்டதாக 2015இல் அறிவித்தார்கள். அது வட்டின் உட்பகுதி சிதறடித்த விண்மீன் ஒளியாகவே இருக்கலாம் என்று 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதன்பிறகு இத்தகைய அறிவிப்புகளை நான் உடனே நம்புவதில்லை. என் பிடிவாதம் என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

என் பிடிவாதத்தையும் தளர்த்தியது பி.டி.எஸ். 70. ஏறத்தாழ 370 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்த விண்மீனின் வட்டில், அகன்ற வெற்றிடத்துக்குள் 2018இல் ஒரு கோளும் அடுத்த ஆண்டு இன்னொன்றும் தென்பட்டன. கோளின்மீது வாயு கொட்டும்போது சூடேறும் ஹைட்ரஜன், 656 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவந்து ஒளிரும். இரண்டாவது கோளைக் காட்டிக்கொடுத்தது அந்த ஒளியே. அக்கோளைச் சுற்றியும் ஒரு சிறு தூசு வட்டு இருப்பதையும், நம் நிலவளவான துணைக்கோள்கள் மூன்று வரை உருவாகப் போதிய பொருள் அதில் உண்டு என்பதையும் 2021இல் அல்மா காட்டியது. விண்மீனைச் சுற்றும் வட்டுக்குள் கோளுக்கென்றே ஒரு வட்டு என்பதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

கோளின் ஒளியையே காணாமல் அதை உணரும் வழியும் உண்டு. வட்டிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயு சீராகச் சுழல வேண்டிய இடத்தில் அதன் வேகம் சற்றுப் பிறழ்ந்தால், அருகில் பெருநிறையொன்று அதை இழுக்கிறது என்று கொள்ளலாம். ஹெச்.டி. 163296 விண்மீனைச் சுற்றி மூன்று கோள்கள் இருப்பதை இரு குழுவினர் 2018இல் இவ்வழியில்தான் உய்த்துணர்ந்தனர். தூசின் வடிவத்தைவிட வாயுவின் நடையை நான் கூடுதலாக நம்புகிறேன்.

இனி, தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி. விஸ்பிட் 2 என்ற விண்மீனின் பல வளைய வட்டில், ஓர் இடைவெளிக்குள்ளேயே, வியாழனைப் போல் ஐந்து மடங்கு நிறையுள்ள கோள் அமர்ந்திருப்பதை 2025இல் படம்பிடித்துவிட்டார்கள். அதே சிவப்பு ஒளியும் அதனிடமிருந்து வருகிறது. ஆக, அந்த ஓர் இடைவெளியை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஹெச்.எல். டௌரியின் இடைவெளிகளை மட்டும் இப்போதைக்கு விட்டுத்தருவதாக இல்லை.

அன்புடன்,
உங்கள் பழைய எதிர்வாதி